கார்புரேட்டரில் இரண்டு புள்ளி

அக்டோபர் 6, ஞாயிறு
மேகமூட்டம். மழை இல்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து பத்திரிகை ஆபீஸ் போகும்போது காவிரிப் பாலத்தில் காரில் புதுச் சத்தம். என்ஜினுக்குள் யாரோ கதவு தட்டுவதுபோல். மேட்டில் பலமாக, இறக்கத்தில் இல்லை.

வியாழன் புதுக்கோட்டை. மகள் கமலாவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். வெள்ளி, சனி சம்பந்தி வீட்டில் பெண்ணை அனுப்பமாட்டார்கள். பஸ் கூடாது என்று டாக்டரம்மா. இந்தக் கார்தான்.

7, திங்கள்
தென்னூர், காசிம் பாய் ஷெட். பன்னிரண்டு வருஷப் பழக்கம். நீள ஸ்க்ரூடிரைவரை என்ஜினில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டார். பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூன்றாவதைக் கழற்றியதும் சத்தம் குறைந்தது.

"பேரிங் போச்சுங்க. இப்படியே போனீங்கன்னா வழியில என்ஜின் இறுகிடும். புள்ளத்தாச்சிய நடு ரோட்டுல வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

மூன்றாவது ஒயரைக் கழற்றியபோது அவர் இடது கை ஆக்ஸிலேட்டர் கம்பியில் இருந்தது. சத்தம் குறைந்ததா, குறைத்தாரா?

ஆபீஸில் சப்-எடிட்டர் நாராயணன்: "வெறும் டாப்பெட் சத்தம் சார், லேசா முறுக்கினா போயிடும். புள்ளத்தாச்சின்னு அவர்கிட்ட சொன்னீங்கள்ல? பயமுறுத்தத்தான் செய்வாரு. ஷெட்டுல விட்டா நல்ல கார்புரேட்டரக் கழட்டிக்கிட்டு ஓட்டைய மாட்டிடுவாங்க, பாத்துக்கங்க."

நாராயணன் கார் வைத்திருந்ததில்லை. இருந்தாலும்.

8, செவ்வாய்
தூறல். காரை ஷெட்டில் விட்டேன். வீட்டிலிருந்து கிளம்புமுன் கார்புரேட்டரின் அடியில் பேனா மையால் இரண்டு புள்ளி. மனைவி பார்த்துவிட்டாள். "என்னங்க, காருக்குத் திருஷ்டிப் பொட்டா?" பேனாவை மூடிப் பையில் வைத்தேன்.

9, புதன்
மாலை கார் கிடைத்தது. சத்தம் இல்லை. பாய் ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார். கழற்றிய பழைய பேரிங். எதைக் கழற்றினாலும் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். பின் சீட்டில் போட்டேன்.

தெரு திரும்பியதும் நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தேன். புள்ளிகள் இல்லை.

திரும்பிப் போனேன். "இது என் கார்புரேட்டர் இல்ல பாய். அடையாளம் வச்சிருந்தேன்."

கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "ரெண்டு புள்ளிதானே? பாத்தேன். எல்லாத்தையும் கெரசின்ல போட்டுத்தான் கழுவுறேன், மை நிக்குமா? ஆணியால கீறியிருக்கணும் நீங்க."

கார்புரேட்டரில் போன வருஷம் அவரே ஈயம் வைத்து அடைத்த இடத்தைக் காட்டினார். அப்படியே இருந்தது. நான் புள்ளியை மட்டுமே தேடியிருக்கிறேன்.

"பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பிரித்தேன். பேரிங் பாதி உரிந்திருந்தது, குறுக்கே விரிசல். விரல் பட்டதும் ஒரு துண்டு உடைந்து விழுந்தது.

முப்பது வருஷமாக ஊராரிடம் ஆதாரம் கேட்கிறவன். கையில் கொடுத்ததைப் பிரிக்கவில்லை.

10, வியாழன்
நல்ல வெயில். கீரனூர் தாண்டும்வரை காது என்ஜினிலேயே. போகவும் வரவும் ஒரு சத்தமும் இல்லை. கமலா வழியெல்லாம் தூக்கம். 3.40க்கு வீடு.

11, வெள்ளி
தென்னூர். பாய் ஜும்மா தொழுகை முடித்து வரும்வரை காத்திருந்தேன்.

"பொண்ணு சொகமா வந்துச்சுங்களா?"

"வந்துட்டா பாய். அன்னிக்கு நான்..."

"ஐநூறு மைல் ஓடினதும் ஆயில் மாத்தணும். மறந்துடாதீங்க."

"கொண்டு வரேன்."

"இங்க வேணாங்க. வேற ஷெட்டுல மாத்திக்கங்க."