சூடு வைக்கப் போன அன்று நீங்களும் வந்தீர்கள்

என்னோடு ஒருநாளும் மல்லுக்கு நிற்காத என் அருமை மச்சாளுக்கு,

நீங்கள் கண்ணை மூடி இந்த மாரியோடு ஒரு வருசம். குருநகரில் எல்லோரும் சுகம். உங்கள் தம்பி இன்னும் கடலுக்குப் போகிறார், வந்ததும் என்னோடு வாய் காட்டுகிறார். யூட் என் தோளுக்கு மேலே வளர்ந்துவிட்டான்.

அவனுக்கு ஓட்டிசம் என்று முதலில் சொன்னவர் கொழும்பில் ஒரு டொக்டர். ஐந்து வயதாகியும் பேசாத பிள்ளையின் கழுத்தில் மந்திரித்த நூலைக் கண்டதும் மனுசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்தமுறை போகும்போது நூலைக் கழற்றி ஒளித்துவைத்தோம். வேறென்ன செய்வது?

நீங்கள் பேச்சுப் பயிற்சி படித்து ஊருக்கு வந்தபோது, உங்களிடமும் ஏச்சு விழும் என்றுதான் நினைத்தேன். நீங்களோ நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கட்டுங்கோ திரேசா. ஆனா கழுத்திலை வேண்டாம், இழுத்து இறுக்கிப்போடுவான். கையிலை கட்டுங்கோ" என்றீர்கள். அதன் பிறகு உங்களிடம் எதையும் ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படித்தான் பண்டத்தரிப்பு விசயமும் வாயில் வந்தது. மஞ்சளைச் சுட்டு உச்சியில் சூடு வைத்தால் பேச்சு வரும் என்று அங்கே ஒரு வைத்தியர் சொல்லியிருந்தார். "நான் கொண்டு போகத்தான் போறன், மச்சாள்! என்ரை பிள்ளை என்னை ஒருக்கா அம்மா எண்டு கூப்பிடவேணும்" என்று கத்தினேன். நீங்கள் மறிக்கவில்லை. "நானும் வாறன்" என்று செருப்பை மாட்டினீர்கள்.

வைத்தியருக்கு முன்னால் பாயில் இருந்து எவ்வளவு மரியாதையாகக் கேட்டீர்கள்! எண்ணெயில் என்னென்ன சேருகிறது, பத்தியம் உண்டோ, எல்லாம். பிறகுதான் சொன்னீர்கள்: "ஐயா, இவனுக்குச் சட்டை உரஞ்சினாலே தாங்காது. சூடு மருந்தெண்டு விளங்காது. அம்மா பிடிச்சுக்கொண்டிருக்க ஆக்கள் சுட்டவை எண்டுதான் விளங்கும். பிறகு தாயிட்டை வருவானோ?"

யூட் என் மடியில் முகத்தைப் புதைத்துக் கிடந்தான். வைத்தியர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "சூடு வேண்டாம் பிள்ளை. எண்ணெயை மட்டும் வையுங்கோ" என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் உங்களோடு கதைக்கவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு.

அந்த எண்ணெயையும் நீங்கள் சும்மா விடவில்லை. "எண்ணெய் பேச்சுத் தராது, பொய் சொல்லமாட்டன். ஆனா தலை தேய்க்கேக்கை எங்களைப் பாக்கிறான், அது போதும்" என்றீர்கள். பாதியில் நிறுத்திக் காத்திருப்பீர்கள். அவன் உங்கள் கையைப் பிடித்து இழுப்பான். "இன்னும்" என்று நீங்கள் சொல்லிவிட்டுத் தேய்ப்பீர்கள். பல மாதம் கழித்து அவனே "இன்னும்" என்றான். பேசவைத்தது புனித அந்தோனியார்தான் என்றேன் நான். வைத்தியர்தான் என்றார் உங்கள் தம்பி. "ஆரெண்டா என்ன, பிள்ளை கேக்கிறான், தேயுங்கோ!" என்று சிரித்தீர்கள். என்ன மனுசி நீங்கள்!

நேற்றுப் பாசையூரிலிருந்து ஓர் இளம் தாய் வந்தாள். பேசாத மகளுக்கு வேறொரு வைத்தியரிடம் சூடு வைக்கப் போகிறாளாம். "உங்கடை மகனுக்குச் சுகம் வந்திட்டுதோ அக்கா?" என்று கேட்டாள். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"இல்லைப் பிள்ளை. என்னை இன்னும் அம்மா எண்டு கூப்பிடேல்லை. ஆனா பயந்தா என்னட்டைத்தான் ஓடி வாறான்" என்றேன்.

அவள் மகளை இறுக்கி அணைத்துக்கொண்டாள். ஆனாலும் நாளைக்குப் போகத்தான் போகிறாளாம். நானும் கூடப் போகிறேன், மச்சாள். அவளை ஏசமாட்டேன், சத்தியம்.

உங்கள் தம்பி பெண்சாதி,
யூட்டின் தாய் திரேசா