அண்ணாந்து பார்ப்பவர்கள்

ஜூன் 3

மாலை நேர அறிவிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ரயில் நிலையத்தில் இருக்கும் ஒரே வேலைக்குத் தலைமை அலுவலகம் தவறுதலாக இரண்டு பேருக்கு ஆணை அனுப்பிவிட்டு, அசடு வழிய ஆளுக்குப் பாதி நாள் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஒரு மணிக்கு நான் பூட்டிவிட்டுப் போகிறேன், மூன்று மணிக்கு நீங்கள் திறக்கிறீர்கள். ஒரே மைக், ஒரே இழுப்பறை, ஒரே நாற்காலி.

புகார் நாற்காலியைப் பற்றி. தினமும் அதைத் தரையோடு தரையாக இறக்கி வைத்துவிட்டுப் போகிறீர்கள். காலையில் உட்கார்ந்தால் மைக் என் நெற்றிக்கு நேராக நிற்கிறது. நேற்று ஆறு மணி வண்டியை எழுந்து நின்று அறிவித்தேன். மைக்கில் பிஸ்கட் தூள் வேறு.

இப்படிக்கு,
காலை ஷிப்ட்


ஜூன் 3, மாலை

காலை ஷிப்ட் அம்மையாருக்கு,

நான் நெட்டை. நாற்காலியை ஏற்றினால் முழங்கால் மேசையில் இடிக்கிறது. இனிமேல் போகும்போது ஏற்றிவைக்கிறேன். பிஸ்கட் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை, சரி. எனக்கு உங்களை நன்றாகத் தெரியும். என் அறை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நீங்கள் ஆறு மணி வண்டியை அறிவிக்கும்போது நான் பல் துலக்கிக்கொண்டிருப்பேன். "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று எல்லோரும்தான் சொல்கிறோம். நீங்கள் ஒருவர்தான் நிஜமாகவே வருந்துகிறீர்கள். வண்டி நேரத்துக்கு வந்துவிட்டால் எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது.

நெட்டை


ஜூன் 19

நெட்டைக்கு,

அம்மையார் என்றால் ஏதோ ஐம்பது வயதுபோல் இருக்கிறது, குறைத்துக்கொள்ளவும். நாற்காலி பதினைந்து நாளாகச் சரியான உயரத்தில் இருக்கிறது. எனக்கென்று தினமும் இரண்டு பிஸ்கட் வைத்துவிட்டுப் போவதற்கும் நன்றி.

"நீ வேலைக்குப் போறியா, கடுதாசி படிக்கப் போறியா?" என்று கேட்கிறாள் என் அக்கா. ஷிப்ட் முடிந்தும் வீடு வந்து சேர நேரமாகிறதாம். தாமதத்துக்கு வருந்துகிறேன் என்றேன். நிஜமாக வருந்தவில்லை.

குட்டை


ஜூன் 24

என் அன்புள்ள குட்டைக்கு,

ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். தினமும் சாயங்காலம் ஐந்து நாற்பதுக்குச் சிவப்புப் பை மாட்டிய பெண் ஒருத்தி நடைமேடைக்கு ஓடிவருகிறாள். வந்ததும் நேராக நம் ஜன்னலை அண்ணாந்து பார்க்கிறாள். பார்த்ததும் முகம் அப்படியே மலர்கிறது! என் குரலுக்கும் ஒரு ரசிகை. இன்று மிதப்பில் "நான்காவது நடைமேடை" என்று அறிவித்துவிட்டேன். நமக்கு இருப்பதே மூன்று.

நெட்டை


ஜூன் 25

மாலை நேர அறிவிப்பாளர் அவர்களுக்கு,

மிக்க மகிழ்ச்சி. எனக்கென்ன வந்தது? எனக்கு ஒன்றுமில்லை என்பதை மூன்று தாளில் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு நான்காவது தாளில் எழுதுகிறேன். முகம் மலர்வது தெரிகிற அளவுக்கு ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நின்றால் வண்டியை யார் அறிவிப்பது?

பேச்சு வந்ததால் சொல்கிறேன். காலை பத்தரை மணிக்கு எனக்கும் ஒருவர் உண்டு. கோடுபோட்ட சட்டை, மூன்றாவது பெஞ்சு. நான் அறிவித்ததும் என்னை அண்ணாந்து பார்ப்பார், உடனே தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார். என் குரலைக் கேட்டு நேரத்தையே மாற்றிக்கொள்கிற மனிதர். பல் துலக்கிக்கொண்டு கேட்பவர்களைவிட எவ்வளவோ மேல்.

இனி பிஸ்கட் வேண்டாம்.

காலை ஷிப்ட்


ஜூன் 25, மாலை

குட்டைக்கு,

ஒளிப்பானேன், வயிறு எரிகிறது. சொந்தக் கடிகாரத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் எல்லாம் ஒரு ஆளா? பத்தரை மணிக்கு அவனுக்கு வேலைவெட்டி கிடையாதா? உங்கள் பிஸ்கட்டையும் நானே தின்றேன். ருசிக்கவில்லை.

இன்னொரு கெட்ட செய்தி. தலைமை அலுவலகம் தன் தவறைக் கண்டுபிடித்துவிட்டது. நம்மில் ஒருவர் வேறு ஊருக்கு மாற வேண்டுமாம். யாருக்கு விருப்பம் என்று முப்பதாம் தேதிக்குள் தெரிவிக்கச் சொல்கிறார்கள். படிவம் இழுப்பறையில் இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை.

நெட்டை


ஜூன் 26

மாலை நேர அறிவிப்பாளர் அவர்களுக்கு,

நான் தொட்டுவிட்டேன். என் பெயரை நிரப்பியிருக்கிறேன். சக ஊழியருக்கு ஆட்சேபம் இல்லை என்ற இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டு அதிகாரியிடம் கொடுத்தால் போதும்.

நேற்று ஐந்து நாற்பதுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இந்நேரம் அவள் வந்து நிற்பாள் என்று நினைத்தேன், விரலை நறுக்கிக்கொண்டேன். முகம்கூடத் தெரியாத ஒருவருக்காக இப்படி எரிவது எனக்கே கேவலமாக இருக்கிறது. அந்த ஊர் அறிவிப்பு அறைக்கு ஜன்னலே கிடையாதாம். நல்லதாகப் போயிற்று.

காலை ஷிப்ட்


ஜூன் 27, மாலை

என் குட்டைக்கு,

கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று கேளுங்கள்.

இன்று காலை பத்து மணிக்கே போய் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன், கோடுபோட்ட சட்டையை ஒரு கை பார்த்துவிடுவது என்று. வந்தார். அறுபது வயதிருக்கும். நீங்கள் அறிவித்தீர்கள். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"யாரைப் பாக்கறீங்க?" என்றேன், கொஞ்சம் முறைப்பாகவே.

"டைம் பாக்கறேன் தம்பி. ஏன், கடிகாரம் நின்னுபோச்சா?"

மேலே பார்த்தேன். நம் ஜன்னலுக்கு நேர் மேலே நிலையத்துக் கடிகாரம்! அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அதன் கீழே இருக்கும் கறுப்புக் கண்ணாடிதான் நம் ஜன்னல் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. நாம் பின்பக்கப் படியில் ஏறி, பின்பக்கப் படியில் இறங்குகிறவர்கள். வெளியே நின்று பார்த்தால் உள்ளே ஒரு ஈ கூடத் தெரியவில்லை. சிவப்புப் பையின் முகம் மலர்ந்தது வண்டிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறதே என்றுதான். இத்தனை நாள் நாம் ஒரு கடிகாரத்துக்காக எரிந்திருக்கிறோம்.

அவர் போன பிறகும் அரை மணி நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரத்தை அல்ல.

நிலைய அதிகாரியைக் கேட்டேன். "ரெண்டு பேரும் விருப்பமில்லைன்னு எழுதிக் குடுங்க. அந்த ஃபைல் மேல போய்த் திரும்பி வர்றதுக்குள்ள உங்களுக்குப் பேரன் பொறந்துடுவான்" என்றார். நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நாளை ஒரு மணிக்கு அதே பெஞ்சில் இருப்பேன். இறங்கி வாருங்கள். வராவிட்டால் மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அதற்குமேல் தொந்தரவு செய்ய மாட்டேன்.

நெட்டை


ஜூன் 28

என் நெட்டைக்கு,

நேற்றுக் கோடுபோட்ட சட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிடுமூஞ்சி உட்கார்ந்து ஜன்னலை முறைத்துக்கொண்டிருந்தது. வண்டியைத் தவறவிட்ட ஆள்போலும் என்று பரிதாபப்பட்டேன். நீங்கள்தானா? அவருக்கு அறுபது வயது என்பதை எழுதாமல் விட்டது என் மறதி அல்ல.

உங்கள் விளக்கத்தை முக்கால்வாசி நம்பினேன். மீதியை இன்று காலை நம்பினேன். பத்து மணிக்கு இரண்டு பேர் ஏணி போட்டு, பழுதுபார்ப்பதற்காகக் கடிகாரத்தைக் கழற்றினார்கள். என் கண்ணெதிரே இறங்கிப் போயிற்று. இரண்டு நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பாவம், திருத்துவதற்கு முன்பு அந்த மனிதரின் கைக்கடிகாரம்தான் சரியாக இருந்திருக்கிறது.

பத்தரைக்கு அவர் அண்ணாந்து பார்த்தார். வெறும் சுவர். தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு ஒருவர்கூடப் பார்க்கவில்லை. நேற்றுவரை என்னை ஒருவராவது பார்க்கிறார் என்று இருந்தேன். அழுகை வந்தது.

இப்போது மணி பன்னிரண்டு ஐம்பது. மூன்றாவது பெஞ்சில் ஒரு நெட்டை உட்கார்ந்திருக்கிறது. கடிகாரம் இல்லாத சுவரைக் கால் மணி நேரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இதை நீங்கள் படிக்கும்போது மணி மூன்று ஆகியிருக்கும். என் பதில் உங்களுக்கு இரண்டு மணி நேரம் முன்பே தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்: படிவத்தைக் கிழித்துவிட்டேன். எனக்கும் மாற்றலில் விருப்பமில்லை. நாற்காலியை உங்கள் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டுக் கீழே வருகிறேன்.

ஐந்து நாற்பதுக்குச் சிவப்புப் பை வரும். இன்று கடிகாரம் கிடையாது. அப்போதும் அவள் அண்ணாந்து பார்த்தால், உடனே திரையை இழுத்துவிடவும்.

உங்கள் குட்டை