மூடி போட்ட வாளி

மச்சான்,

என் வலது கையில் ஆளிவிதை எண்ணெய் மணக்கிறது. புதன்கிழமை தொடங்கியது, இன்று ஞாயிறு. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். தேசிக்காய் பிழிந்து தேய்த்தேன். மணம் போன பாடில்லை. ரூ காய் வீதியில் நாம் வழக்கமாக இருக்கும் தேநீர்க் கடையில், சுவரோரத்து மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனால் தேநீருக்கு முன்னால் அந்த எண்ணெய்தான் மூக்கில் ஏறுகிறது. கோப்பை ஆறிப்போய்க் கிடக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதைக் கேட்டு நீ சிரித்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். சிரிக்கிறவன் நான்தானே. நம் இரண்டு பேரில் பயப்படுகிற வேலையை நீ பொறுப்பெடுத்துக்கொண்டாய், கேலி செய்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பதினொரு வருடம் அப்படித்தான் தொழில் ஓடியது.

ஒரே உணவகத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். இந்தத் தொழிலைக் கண்டுபிடித்தவன் நீ. இந்த நாட்டு வெள்ளைக்காரர் வீட்டுக்குப் பின்னால் பலகை பரப்பித் தெராஸ் கட்டி, அதில் நாற்காலி போட்டு வெயிலில் சாப்பிடுகிறார்கள். இரண்டு மாரி போனால் பலகை பாசி பிடித்துச் சாம்பல் நிறமாகிவிடுகிறது. அதைக் கழுவி, கறை எடுக்கும் மருந்து போட்டு, காயவிட்டு, எண்ணெயும் சாயமும் பூசிப் பழையபடி ஆக்குவதற்கு ஆள் கிடைப்பதில்லை என்றாய். "கோப்பை கழுவுற எங்களுக்குப் பலகை கழுவ ஏலாதோ?" என்று கேட்டாய். அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்துவிட்டேன்.

பூசிய எண்ணெயில் பலகை குடித்தது போக மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மற்றவர்கள் அதற்குக் கடையில் துணி வாங்குகிறார்கள். நமக்கு, நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பல் இருந்தது. பழைய வேட்டி, சாரம், நூல்சேலை என்று ஆளாளுக்குப் பையில் போட்டுத் தந்தார்கள். வேலை முடிந்ததும் பாவித்த துணிகளையெல்லாம் ஒரு சேலைத்துண்டில் குவித்து, நாலு மூலையையும் இழுத்து, இறுக்கி முடிச்சுப் போடுவது என் பழக்கம். நம் வீடுகளில் அழுக்கு உடுப்பை அப்படித்தானே கட்டுவார்கள். துணி சிந்தாமல் சிதறாமல் ஒரே மூட்டையாக இருந்தால்தான் எனக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

அந்த மூட்டைதான் முதல் கோடையிலேயே நம்மைப் பயமுறுத்தியது. புறநகரில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர் வீட்டுத் தெராஸ். மூட்டையை வெயிலில் ஓரமாக வைத்துவிட்டு, வான் வண்டிக்குள் இருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம். கை கழுவ வந்தபோது மூட்டையிலிருந்து நூல் போல் புகை எழும்பிக்கொண்டிருந்தது. யாரும் நெருப்பு வைக்கவில்லை. சிகரெட் குடிக்கிற பழக்கம் நம் இருவருக்கும் இல்லை. எண்ணெய்த் துணியை நெருக்கிக் கட்டினால் அது உள்ளுக்குள்ளே தானாகச் சூடேறிப் பற்றும் என்பது அன்றுதான் தெரிந்தது. மூட்டையைத் தூக்கி அந்த வீட்டுக்காரியின் மீன் தொட்டிக்குள் போட்டாய். மீன்களெல்லாம் பயந்து ஒரு மூலைக்கு ஓடின. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. உன் உதடு வெளுத்திருந்தது.

அடுத்த நாளே மூடி போட்ட இரும்பு வாளி ஒன்று வாங்கி வந்தாய். பாதிக்குத் தண்ணீர். பாவித்த துணி ஒவ்வொன்றையும் விரித்து அதற்குள் தாழ்த்தி மூடியைப் போட வேண்டும். அன்றிலிருந்து நான் தனியாக வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் பின்னேரம் உன் தொலைபேசி வரும். சுகமா என்று கேட்க மாட்டாய், வேலை முடிந்ததா என்றும் கேட்க மாட்டாய். துணி தண்ணீருக்குள் போனதா என்பதுதான் உன் கேள்வி.

"துணி என்ன மாதிரி? தண்ணிக்கை போட்டனியோ?"

"உனக்கென்ன விசரோ? போட்டிட்டன்."

"விரிச்சுப் போட்டனியோ?"

"ஓம் மச்சான், விரிச்சு, பவுடர் பூசி, பொட்டு வைச்சுப் போட்டனான்."

கூட இருந்தவர்களுக்கும் நான் உன்னைப் 'பயந்தாங்கொள்ளி முதலாளி' என்றுதான் அறிமுகம் செய்வேன். நீ அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே ஒரு தடவை, ரூ பெர்தொனேயில் நமது சாமான்கள் வைக்கிற நிலவறைக்குப் படி இறங்கும்போது, திரும்பிப் பார்க்காமல் சொன்னாய்: "எப்பவாவது சூடாக் கண்டால் முடிச்சை அவிழ்க்காதை. காத்துப் பட்டால் பத்தும். அப்பிடியே தண்ணிக்கை தாழ்." நான் அதற்கும் ஏதோ கேலி சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இப்போது ஞாபகமில்லை.

போன தை மாதம், ஆஸ்பத்திரியில், உன் இருதயம் களைத்துப்போயிருந்த நேரம். அன்று ஒரு வீட்டின் உள்தளத்துக்கு எண்ணெய் பூசிவிட்டு நேராக உன்னிடம் வந்தேன். என் சட்டையில் மணத்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்தாய். வாயிலிருந்த ஒட்சிசன் மூடியை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு சொல் கேட்டாய்.

"துணி?"

"தண்ணிக்கை போட்டிட்டன். நீ படு."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். முகம் கொஞ்சம் இளகியது. மச்சான், அது பொய். துணி கீழே வானுக்குள் முடிச்சுப் போட்ட மூட்டையாகக் கிடந்தது. உன்னைப் பார்க்க வரும் அவசரத்தில் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தேன். இரண்டாம் நாள் நீ போய்விட்டாய். உன்னிடம் நான் கடைசியாகச் சொன்ன பேச்சு அதுதான்.

அன்று வானில் ஒன்றும் பற்றவில்லை. அதுதான் எனக்கு வந்த கேடு. பற்றாததால் பயம் போய்விட்டது. உன் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு அதற்குள் தூரிகைகளை அடுக்கி வைத்தேன். பின்னேரங்களில் தொலைபேசி வராதது முதலில் வெறுமையாக இருந்தது. பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

இனிப் புதன்கிழமையைச் சொல்கிறேன்.

காலையில் ஒரு தெராஸ். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் அவசரமாகத் துடைத்து முடித்து, துணிகளை மூட்டையாகக் கட்டி, பதினொன்றரைக்கு ரூ பெர்தொனேக்கு வந்தேன். வானை நிறுத்த இடமில்லை. நடு வீதியில் நிறுத்திவிட்டு, பின்னால் ஹோர்ன் அடிக்கிறவர்களுக்குக் கையைக் காட்டிக்கொண்டு நிலவறைக்கு ஓடினேன். நனையாத மூலை என்று பார்த்து மூட்டையை வைத்தேன். கட்டடத்தின் சுடுதண்ணீர்க் குழாய் போகிற மூலை அது. வானை ஒழுங்காக நிறுத்திவிட்டுத் திரும்பி வருவோம் என்றுதான் நினைத்தேன். இடம் தேடிச் சுற்றும்போது ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். அதோடு மூட்டை மறந்துபோனது.

நாலு மணிக்கு, இதே கடையில், இதே மேசையில், தேநீரைத் தூக்கினேன். கையில் எண்ணெய் மணந்தது. துணி எங்கே என்று யாரோ கேட்ட மாதிரி இருந்தது. நிலவறைக்கு மேலே என்ன இருக்கிறதென்று உனக்குத் தெரியும். சேலைக்கடையின் பின்னறை. புதன் பின்னேரங்களில் கடைக்காரி, நாம் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர், அங்கே பிள்ளைகளுக்கு நடனம் பழக்குகிறார். அந்தப் பலகைத் தளத்துக்கு எண்ணெய் பூசிக் கொடுத்தவர்களும் நாம்தான்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. படியில் இறங்கும்போதே மணந்தது, தாச்சியில் எண்ணெய் கருகுகிற மணம். அந்த நிலவறை நடையின் விளக்கு உனக்குத் தெரியும்தானே, ஒரு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். நான் கதவைத் திறக்கும் நேரம் பார்த்து அணைந்தது. இருட்டில், தலைக்கு மேலே, சின்னக் கால்கள் தளத்தில் அடிக்கிற சத்தம். தாளம் போடுகிற தட்டுக்கழியின் சத்தம். அந்தப் பிள்ளைகளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகைதான் இருந்தது.

தடவிப்போய் மூட்டையில் கை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய புட்டுப்பானை மாதிரிச் சுட்டது. என்ன நடக்கிறதென்று பார்க்கத்தானே மனம் வரும்? என் விரல் முடிச்சுக்குப் போய்விட்டது. ஒரு மூலை இளகியும் விட்டது. அப்போதுதான் நீ படியில் சொன்னது காதில் விழுந்தது. அவிழ்க்காதை.

கையை எடுத்துவிட்டேன். உன் வாளியைத் தேடி, தூரிகைகளை நிலத்தில் கொட்டி, மூட்டையை அப்படியே உள்ளே தள்ளி மூடியைப் போட்டேன். வாளியில் தண்ணீர் இல்லை. தண்ணீர்க் குழாய் மேலே முற்றத்தில். நீ இருந்திருந்தால் அதற்குள் பாதி நிறையத் தண்ணீர் இருந்திருக்கும். சூடேறுகிற வாளியைச் சேர்ட்டால் பிடித்துக்கொண்டு, பதினெட்டுப் படி, கால் ஓடாமல் ஏறினேன். மூடியை எடுத்து, குழாயைத் திறந்து விட்டதும் வாளி சீறியது. வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது. தண்ணீர் நிரம்பி வழிந்த பிறகும் கன நேரம் திறந்தே விட்டிருந்தேன். ஆறிய பிறகு அவிழ்த்துப் பார்த்தேன். வெளியே சேலையின் பூக்கள் அப்படியே இருந்தன. நடுவில் துணியே இல்லை, கரிதான் இருந்தது.

தங்கச்சி கதவால் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணை, எரிஞ்ச மணம் வருது? பிள்ளையள் மூக்கைப் பொத்துதுகள்."

"பக்கத்துக் கடையிலை மிளகாய் வறுக்கினம் போல" என்றேன்.

உனக்குச் சொன்ன மாதிரியே ஒரு பொய். வாயில் தயாராக இருந்தது.

இரண்டு நாள் அந்தப் பொய்யோடு திரிந்தேன். கோயிலில் கற்பூரப் புகையைக் கண்டு வெளியே ஓடி வந்தேன். கொத்துரொட்டிக் கடை வந்ததும் வீதியின் மறுபக்கம் மாறி நடந்தேன். வீட்டுக்குப் போக ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையம் வரை நடந்து போய், படியில் கால் வைத்துவிட்டு, இரண்டு தடவை திரும்பி ஓடி வந்து வெறும் நிலவறையைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லாத அறையைப் பார்த்துத்தான் பயந்தேன். வெள்ளிக்கிழமை தாங்க முடியாமல் சேலைக்கடைக்குள் போனேன்.

"புதன்கிழமை மணந்தது மிளகாய் இல்லைத் தங்கச்சி. என்ரை துணி. கீழை பத்தத் தொடங்கிட்டுது."

தங்கச்சி கையிலிருந்த சேலையை மடிக்காமல் வைத்தார். "பதினாலு பிள்ளையள் நிண்டவை அண்ணை" என்றார். அதற்கு மேல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிறகு உன்னைப் பற்றிக் கதைத்தார்.

"அவர் இருக்கேக்கை ஒவ்வொரு நாளும் கடைக்குள்ளை தலையை நீட்டி, 'தங்கச்சி, துணி தண்ணிக்கை' எண்டு சொல்லிப்போட்டுத்தான் போவார். எனக்கு விளங்கிறேல்லை. பாவம், உடுப்புத் தோய்க்கிறார் எண்டு நினைச்சன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இது எனக்குத் தெரியாது, மச்சான். என்னிடம் கேட்டாய், அவரிடம் சொன்னாய்.

"சாவியைத் தாங்கோ" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். தொழில் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சாவியை மேசை லாச்சியில் போட்டுவிட்டுச் சொன்னார்: "இனி என்னட்டை வாங்கித்தான் திறக்கோணும். போகேக்கை வாளியைக் கொண்டுவந்து காட்டோணும். சொன்னால் காணாது அண்ணை."

நேற்று ஒரு சின்ன வேலை, பல்கனித் தளம் ஒன்று. பின்னேரம் வாளியைத் தூக்கிக்கொண்டு சேலைக்கடைக்குள் போனேன். பட்டுச்சேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் விலகி நின்று பார்த்தார்கள். தங்கச்சி மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்து, விரலால் ஒரு துணியை விரித்துப் பார்த்து, மூடினார். நான் சாவியைக் கொடுத்துவிட்டு ஸ்டாலின்கிராட் வரை போனேன். திரும்பவும் பயம் வந்தது. திரும்பி வந்தேன். கடை பூட்டியிருந்தது. குனிந்து வீதியோரத்து நிலவறைச் சாளரக் கம்பியில் மூக்கை வைத்து மணந்து பார்த்தேன். வீதியில் போனவர்கள் இவனுக்கு விசர் என்று நினைத்திருப்பார்கள். உன்னையும் நான் அப்படித்தான் நினைத்தேன்.

பதினொரு வருடம் நீ தனியாகச் சுமந்த பயம் இது என்று இப்போது தெரிகிறது. கனமாகத்தான் இருக்கிறது. இறக்கி வைக்க எனக்குத் துணிவில்லை, இறக்கவும் மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் நீ கேட்டதற்குப் பிந்திச் சொல்கிறேன். துணி தண்ணிக்கை கிடக்குது, மச்சான். விரிச்சுத்தான் போட்டனான். நீ படு.