வெறுங்கால் அளவு

என் அருமை மருமகள் பென்சிலுக்கு,

உன் தாய்மாமனும், நீ திரும்பி வரும்வரை நம் பட்டறைக்கு முதலாளியுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், பட்டறை நலம், அறுக்கும் மிஷின்கூட நலம். நீ அங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே படுத்தபடி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ‘படுத்தபடி’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன், பார்.

போன் மணி அடித்தால் நீ எழுந்து ஓடுகிறாய் என்று மாப்பிள்ளை உன் போனைப் பிடுங்கி வைத்துவிட்டாராம். டாக்டர் போன் கூடாது என்றாரே தவிர, கடிதம் கூடாது என்றாரா? இல்லையே! இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவன் உன் மாமன். ஏழாம் வகுப்பை ஒரு தடவை படித்தவர்களுக்கே அவ்வளவு அறிவு என்றால், இரண்டு தடவை படித்த எனக்கு எவ்வளவு இருக்கும், யோசி. இதை மாப்பிள்ளை படித்துப் பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார் என்பதும் தெரியும். வணக்கம் மாப்பிள்ளை. நல்ல சேதி மட்டும்தான் எழுதுவேன் என்று கொடுத்த வாக்கு நினைவிருக்கிறது.

நல்ல சேதி இதுதான். புது வீட்டு வரிசையில் முதல் வீட்டுச் சமையலறைக்கு அளவெடுத்தாகிவிட்டது. வீட்டுக்கார அம்மாவுக்கு நான் ‘அரை இஞ்ச் அம்மா’ என்று பேர் வைத்திருக்கிறேன். எதைக் காட்டினாலும் “அரை இஞ்ச் தள்ளி வைங்க” என்பார். சுவரை ஒட்டி நீ வரைந்திருந்த ஒல்லி மரத்தட்டை “தூசிதான் சேரும்” என்று படத்திலிருந்தே அடித்துவிட்டார். அன்று அவர் செருப்போடு வந்துவிட, வாசல் காவலாளி உள்ளே விடவில்லை. கட்டட வேலை நடக்கிறது, பூட்ஸ் இல்லாமல் கூடாதாம். நான் உடனே என்னிடமிருந்த வேறொரு ஜோடியைக் கொடுத்தேன். அவருக்குப் பெரிதாக இருந்ததால் உள்ளே அட்டை மடித்து வைத்துக் கொடுத்தேன். என் பூட்ஸில் நிற்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கும்! பிறகு, நீ எல்லோருக்கும் செய்வதுபோல, மாவு பிசைகிற மாதிரி கையை மடக்கி நிற்கச் சொல்லி, முழங்கையிலிருந்து தரைவரை டேப்பைப் பிடித்தேன். மற்ற கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் மேடை போடுகிறார்கள், நாங்கள் ஆளைப் பார்த்துப் போடுகிறோம் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். தச்சர் கண் கலங்கினார். மரத்தூள் என்று சாதிக்கிறார், நீ நம்பாதே.

வரைந்த டிசைனர் எங்கே என்று அந்த அம்மா கேட்டார். வெளிநாட்டில் பரிசு வாங்கப் போயிருக்கிறாள் என்றேன். என்ன பரிசு என்று கேட்டார். தங்கத்தில் என்றேன். எதற்கும் தெரிந்து வைத்துக்கொள்.

இந்த ஒரு சமையலறை அந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டால் வரிசை முழுவதும் நமக்குத்தான் என்று பில்டர் சொல்லிவிட்டார். அதாவது நம் ‘தலைக்கவசம்’. சாப்பிடும்போதும் அதைக் கழற்றுவதில்லை. பிடிக்கவில்லையென்றால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். உன் சமையலறையைப் பார்த்தேன். இரண்டு பெட்டிமேல் ஒரு பலகை! அதன்மேல் அடுப்பு! உனக்காக நீயே வரைந்த படம் ஃப்ரிட்ஜ் மேல் சுருண்டு கிடக்கிறது. ஊரார் வீட்டு இழுப்பறைக்கெல்லாம் சத்தமில்லாத சறுக்குக் கம்பி தேடுகிறவளுக்கு இதற்கு மட்டும் நேரம் கிடைக்கவில்லையா?

வேளாவேளைக்குச் சாப்பிடு. எழுந்திருக்காதே.

ஆசிகளுடன்,
மாமா


என் அருமை பென்சிலுக்கு,

மாமா எழுதுவது. எல்லாம் பிரமாதம்.

முதல் வீட்டுச் சமையலறை எழுந்து நின்றுவிட்டது. இழுப்பறைகள் பூனை நடப்பதுபோல மூடுகின்றன. மேடைக் கல்லை ஆறு பேர் தூக்கினார்கள் என்று தச்சர் சொல்லுவார். உண்மையில் நான் தூக்கினேன். மற்ற ஐந்து பேரும் மரியாதைக்காகக் கை வைத்திருந்தார்கள். மேடை கம்பீரமாக உயர்ந்து நிற்கிறது.

கொஞ்சம் அதிகமாகவே கம்பீரம்.

வேலை முடிந்து தரையைத் துடைத்த பிறகு அரை இஞ்ச் அம்மா வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்து மேடைமுன் நின்றார். கத்தியை எடுத்து வெங்காயம் நறுக்குகிற மாதிரி செய்து பார்த்தார். தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டது. “இது சமையல் மேடையா, சாட்சிக் கூண்டா? சத்தியம் பண்ணிட்டுத்தான் வெங்காயம் நறுக்கணுமா?” என்று கேட்டார். நான் சளைக்கவில்லை. வீடு புதிது, தரை இன்னும் உட்காரவில்லை, உட்கார்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். தரை இறங்கினால் மேடையும் கூடவே இறங்குமே, அப்புறம் எப்படிச் சரியாகும் என்று திருப்பிக் கேட்டார். படித்தவர் போலிருக்கிறது.

டிசைனரே நேரில் வந்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வேறு கம்பெனியை வைத்துக்கொள்வேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். தலைக்கவசமும் அவருக்குப் பின்னால் நின்று தலையாட்டினார். இது ஒன்றுமே இல்லை. ஊதினால் பறந்துவிடும். மாப்பிள்ளை, இந்தப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு கொடுக்கவும்.

ஒன்றே ஒன்று. அங்கிருந்து நீ ஒரு சத்தமும் அனுப்பவில்லை. உன் கையெழுத்தில் ஒரு வரி போதும். மாப்பிள்ளையின் கையெழுத்தில் உறை வந்தால் அதைப் பிரிக்க எனக்கு அரை நாள் ஆகிறது.

உன் மாமா


என் செல்லப் பென்சிலுக்கு,

உன் வரி கிடைத்தது. “மாமா, உள்ளே உதைக்கிறது” என்று மட்டும் எழுதியிருந்தாய். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் இப்போதெல்லாம் வேலைக்குப் போகிறேன். தச்சரிடம் காட்டினேன், கல் வேலைக்காரரிடம் காட்டினேன், காவலாளிக்கு வாசித்தே காட்டினேன். உதைத்த வேகத்தில் கட்டில் ஒரு சாண் நகர்ந்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி நான் சொல்லப்போவதில் அலங்காரம் கிடையாது. ஓரிரண்டு தவிர.

அரை இஞ்ச் அம்மா மறுபடி வந்தார். பக்கத்து வீட்டுக்குச் சிமென்ட் லாரி வந்துகொண்டிருந்ததால் காவலாளி அன்றும் விடவில்லை. பழையபடி என் பூட்ஸையே மாட்டிவிட்டார். உள்ளே அந்த மடித்த அட்டை அப்படியே இருந்தது. அந்த அம்மா டக் டக்கென்று வந்து மேடையில் கை வைத்தார். முழங்கைக்கு அப்படிப் பொருந்தியது! முகத்தில் ஒரு ஆச்சரியம். பூட்ஸைக் கழற்றி நின்றார், தோள் ஏறியது. மாட்டி நின்றார், இறங்கியது. பிறகு பூட்ஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் எந்தத் தரையையும் உட்கார வைக்க முடியவில்லை.

“உங்க டிசைனர் இப்படித்தான் அளவெடுக்கச் சொல்லிக் குடுத்தாளா?” என்று கேட்டார். என்னைத் திட்டியிருந்தால் சிரித்திருப்பேன். உன்னைச் சொன்னதும் பொறுக்கவில்லை. இல்லைம்மா, அவள் சொல்லும் முதல் வார்த்தையே செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள் என்பதுதான், மறந்தவன் நான் என்றேன். அன்று காலையில்தான் உன்னைப் படுக்க வைத்து வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு நேராக அங்கே போனேன் என்றும், என் கையில் டேப் இருந்தது, புத்தி அந்த வண்டியோடு போய்விட்டது என்றும் சொன்னேன். அப்போ பரிசு, என்று இழுத்தார். தங்கம்தான், இன்னும் கைக்கு வரவில்லை என்றேன்.

அந்த அம்மா அங்கிருந்த கருவிப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவரும் மகன் வயிற்றிலிருந்தபோது மாதக்கணக்கில் மல்லாந்து கிடந்தவராம். “அந்த ரூம் சீலிங்ல எங்கெங்க விரிசல் இருந்துச்சுன்னு இப்பக் கேட்டாலும் வரைஞ்சு காட்டுவேன்” என்றார். இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். சட்டைப் பையிலிருந்து உன் வரியை எடுத்து நீட்டினேன். படித்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு, “ரெண்டு இஞ்ச் இறக்குங்க. அரை இஞ்ச்கூட ஏறக்கூடாது” என்றார்.

இறக்கினோம். கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, பெட்டிகளுக்கு அடியில் இருக்கும் திருகு கால்களை ஒவ்வொன்றாகத் திருகினோம். கால்களை மறைக்கும் அடிப்பலகையைத் தச்சர் சீவினார். குழாய்க்காரர் தொட்டிக் குழாயைக் குட்டையாக்கினார். மேடை இறங்கியதில் டைல்ஸுக்குக் கீழே இரண்டு இஞ்ச் சுவர் பல்லைக் காட்டியது. அங்கேதான் அந்த அம்மா அடித்துவிட்ட உன் ஒல்லி மரத்தட்டைக் கொண்டுபோய் ஒட்டினோம், அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. இப்போது அவர் மூக்குக் கண்ணாடியை அதில்தான் வைக்கிறார். தூசி பற்றிப் பேச்சே இல்லை.

வெறுங்காலோடு நின்று உண்மையாகவே வெங்காயம் நறுக்கினார். தோள் அசையவில்லை. தலைக்கவசத்தைக் கூப்பிட்டு, வரிசையில் மற்ற வீடுகளுக்கும் அந்தப் பெண்ணே வரையட்டும், அவள் எழுந்து வரும்வரை சுவர் பூசுகிற வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அவரும் சரி என்றார். சொல்லும்போது தலைக்கவசத்தைக் கழற்றினார். உள்ளே சுத்தமாக வழுக்கை. இது அலங்காரம் இல்லை.

அதனால் எதற்கும் அவசரப்பட்டு எழுந்துவிடாதே அம்மாடி. வீடுகள் காத்திருக்கும். போன தடவையை நினைக்காதே. நான் நினைப்பதில்லை. நினைத்தால் எழுந்து போய் உன் செடிகளுக்கு இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றிவிடுகிறேன். அவை மூழ்குகிற நிலையில் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. ஃப்ரிட்ஜ் மேலிருந்த படத்தை எடுத்து விரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. மிஞ்சிய மரத்தில் நானும் தச்சரும் பெட்டிகளைச் செய்து உன் வீட்டில் வரிசையாக வைத்துவிட்டோம். அந்தப் பழைய பலகை இப்போது வெளியே. எல்லாம் முடிந்தது. திருகு கால்களை மட்டும் இறுக்கவில்லை. மாப்பிள்ளையிடம் உன் உயரம் கேட்டு முடித்துவிடலாம் என்று தச்சர் சொன்னார். நான் விடவில்லை.

நீ வந்து நிற்க வேண்டும். இடுப்பில் பிள்ளையோடு நிற்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வா, கண்ணு. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

நீங்கள் இருவரும், இல்லை, மூவரும் நல்லபடியாக வந்து சேர வாழ்த்தும்,
உன் மாமா