சத்தமே வரவில்லை என்றேன்

ஜூலை 7, திங்கள்
நல்ல வெயில். காக்களூரில் தகடு அடிக்கிற பிரஸ் மெஷினில் காலை ஷிப்ட் முடித்து மணவாள நகர் வந்தால், படியேறவிடாமல் கீழ்வீட்டு ஜெயந்தி பிடித்துக்கொண்டாள். நாங்கள் டைல்ஸ் போட்டதிலிருந்து நாற்காலி இழுக்கிற சத்தம் மண்டையைப் பிளக்கிறதாம். அவள் கணவர் நைட் ஷிப்ட், பகலில்தான் தூக்கம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் வீட்டில் எனக்கே கேட்காத சத்தம் உனக்கு எப்படியம்மா கேட்கிறது என்று கத்திவிட்டு வந்தேன்.

ஸ்டெல்லா ஏதோ முணுமுணுத்தாள். கல்யாணமான புதிதில் கணீரென்று பேசுவாள். கொசுவத்தி வேண்டுமாம். கொசு எங்கே இருக்கிறது? காசுக்குப் பிடித்த கேடு.

ஜூலை 13, ஞாயிறு
சர்ச். மட்டன். பிறகு வழக்கைத் தீர்க்கக் கிளம்பினேன். ஸ்டெல்லாவை மேலே இரும்பு நாற்காலியை இழுக்கச் சொல்லிவிட்டு, ஜெயந்தி வீட்டு ஹாலில் போய் நின்றேன். அவள் கணவரும் இருந்தார். ஒரு சத்தமும் இல்லை. எனக்கு ஒரே குஷி. எங்கேம்மா சத்தம் என்றேன்.

அவள் கணவர் தலை குனிந்துகொண்டார். ஜெயந்தி முகத்தில் கோபம் போயே போய்விட்டது. கிட்டே வந்து சொன்னாள்: “அண்ணா, அவங்க இஸ்துக்கினுதான் கீறாங்க.”

பிரஸ் மெஷினில் காதுக்கு என்ன வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டாள். கம்பெனியில் பிளக் கொடுத்திருக்கிறார்கள். சட்டைப் பையில் இருக்கிறது.

மேலே போனால் ஸ்டெல்லா இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனபிறகுதான் லேசாகக் கேட்டது.

ஜூலை 15, செவ்வாய்
தூறல். லீவு. திருவள்ளூரில் காது டாக்டர். டோக்கன் போட்டு வைத்தது ஜெயந்தி. கீச்சுச் சத்தமெல்லாம் போய்விட்டது, திரும்பாது. பேச்சுச் சத்தம் பெரும்பாலும் மிச்சம். இப்படியே விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார்.

ஸ்டெல்லா இத்தனை நாளும் முணுமுணுக்கவே இல்லை. பாவம். கொசுவும் நிறைய இருக்கிறதாம்.

ஜூலை 19, சனி
பிளக் போட்டுத்தான் வேலை. ஷிப்டில் கிண்டல். இருக்கட்டும். நாற்காலி, ஸ்டூல், கட்டில் எல்லாவற்றின் காலுக்கும் ரப்பர் புஷ் மாட்டியாயிற்று. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஜெயந்தி சண்டைக்கு வராமலிருந்தால்? மகராசி, நன்றாக இருக்கவேண்டும்.

சாயங்காலம் அவளே மேலே வந்தாள். “ஊட்ல யாரும் இல்லியா? சத்தமே காணோமேன்னு பாக்க வந்தேன்.”

ஸ்டெல்லா சமையலறையில் சிரித்தாள். ஹாலில் இருந்த எனக்கு அது கேட்டது.