சங்கு ஊதாத நாள்

என்னங்க,

கருவாட்டுக் குழம்பு அடுப்புமேல் இருக்கிறது. நேற்று மாதிரி கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள். நான் ஷூ கம்பெனிக்குக் கிளம்புகிறேன்.

எஸ்தர் நேற்று போனைத் தராதது அடத்தால் இல்லை. தெருமுனைத் தோல் கம்பெனியில் சங்கு ஊதினால் போனை வைக்கணும் என்று நாம்தானே பழக்கினோம்? ஆட்டிசம் பிள்ளை, சொன்னதைச் சொன்னபடி பிடித்துக்கொண்டாள். நேற்று அங்கே லீவு, சங்கே ஊதவில்லை. அதற்குத்தான் காத்திருந்திருக்கிறாள். நீங்கள் பிடுங்கியதும் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாள். எனக்கும் அப்போது புரியவில்லை. “இன்னா மனுசன்யா நீ!” என்று கத்திவிட்டேன். மனசில் வைக்காதீர்கள்.

இன்றும் அங்கே லீவுதான். சங்கு நேரத்துக்கு நீங்களே வாயால் ஊதுங்கள். தெருவே சிரித்தாலும் பரவாயில்லை.

ஜாஸ்மின்

ஊதிவிட்டுச் சும்மா உட்காருங்கள், கை நீட்டாதீர்கள். அவளே போனைக் கொண்டுவந்து உங்கள் கையில் வைப்பாள்.