வியாழக்கிழமைத் தண்ணீர்

2025 ஜனவரி 9, வியாழன்

இன்றும் விழுந்தேன். விழித்தபோது கைக்குள் அலுமாரித் திறப்பு, இரும்புச் சாவி. இரும்பைப் பிடித்தால் வலிப்பு இறங்குமாம். தலைமுடியெல்லாம் ஈரம், பள்ளிவாசல் லெப்பை ஓதித் தந்த தண்ணீரை உம்மா முகத்தில் அடித்திருக்கிறா.

என் நாலு மாத மகள் ஆதிலா உம்மாவின் தோளில் கிடந்தாள். அவளை நான் இன்னும் ஒரு தரமும் குளிப்பாட்டியதில்லை. "நீ விழுந்தா புள்ள தண்ணிக்குள்ள போயிரும்" என்று உம்மா விடுவதில்லை. பெத்தவள் நான், துவாயைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதுதான் எனக்கு வேலை.

நான் விழுவது அநேகமாக வியாழனில்தான் என்கிறா உம்மா. வியாழன் பொழுது பட்டாலே எங்களுக்கு வெள்ளி இரவு, அது நெருங்க ஜின் வருமாம். ஜின் கலண்டர் பார்க்குமோ?

ஜனவரி 15, புதன்

டவுன் கிளினிக். போன மாதம் வார்ட்டில் தலையில் வயர் ஒட்டியிருந்தபோதே விழுந்தேனே, அந்தப் பதிவை டொக்டர் நிவேதிகா காட்டினா. காக்காய் வலிப்பின் அடையாளம் ஒன்றும் அதில் இல்லையாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்ப நான் நடிக்கிறனா எண்டு கேட்டுட்டன்.

"இல்ல ஷிஃபானா, உங்கட வலிப்பு உண்மை. சின்ன வயசுப் பயத்தைச் சில பேருக்கு உடம்பு இப்பிடியும் காட்டும். அப்பிடி ஏதும் நடந்ததோ?"

கிண்ணியாக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது! சுனாமி வந்தபோது எனக்கு ஆறு வயது. வாப்பா அன்று போனவர்தான். ஆனால் என் கணவர் றுவைஸும் அதே தண்ணீரில் மிதந்தவர். அவர் குறட்டை விட்டுத் தூங்குகிறார். எனக்கு மட்டும் ஏன்?  அது தங்களுக்கும் முழுக்கத் தெரியாது என்றா டொக்டர். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

மருந்தை நானாக நிறுத்தக்கூடாதாம். விழுவதற்குச் சற்று முன் என்ன நடக்கிறது என்று கவனிக்க வேண்டுமாம்.

ஜனவரி 18, சனி

பஸ் கிண்ணியாப் பாலத்தில் நின்றது. கீழே கடல். வேண்டுமென்றே எட்டி எட்டிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அப்ப கடல் இல்லை — வேற என்ன?

ஜனவரி 23, வியாழன்

பிடிபட்டுவிட்டது.

வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்கு முதல்நாள் வீடு கழுவுவது உம்மாவின் வழக்கம். நான் அறைக்குள் ஆதிலாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். கதவுக்குக் கீழால் நுரைத் தண்ணீர் மெல்ல வந்தது. அதைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு திறப்பு, ஈர முடி.

வார்ட்டில் விழுந்தபோதும் ஒரு பெண் வாளியோடு தரை கழுவ வந்தா! அது செவ்வாய்க்கிழமை. பாவம், ஜின் பழியில் இருந்து தப்பியது.

சுனாமி அன்று காலையும் தண்ணீர் கதவுக்குக் கீழால்தான் வந்தது. உம்மா வீடு கழுவுறா எண்டு நினைச்சு, கால் நனையாம கட்டில்ல தூக்கி வச்சுக்கொண்டு இருந்தனான். அவ்வளவுதான். பிறகு கதவே இல்லை.

ஜின்னுக்குப் பயந்து உம்மா ஒவ்வொரு வியாழனும் இன்னொரு வாளி கூடவே ஊற்றுவா. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

ஜனவரி 24, வெள்ளி

உம்மாவிடம் சொன்னேன். விசர்க் கதை என்றா. பிறகு கதிரையில் இருந்தவ எழும்பவே இல்லை.

"அப்ப நான்தானா மகள் உன்ன விழுத்தினனான்?"

இல்லை உம்மா, இல்லை. எத்தனை தரம் சொன்னாலும் சோறு போடும்போது திரும்பக் கேட்கிறா. எனக்கு அழுகையாக வருகிறது.

ஜனவரி 30, வியாழன்

டொக்டர் போனில் சொல்லித் தந்தபடி, கதவைத் திறந்து வைத்து, உள்ளங்காலைத் தரையில் அழுத்தி, கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேன். வாளி. விளக்குமாறு. றுவைஸின் செருப்பு. தண்ணீர் காலுக்கு வந்ததும் நடுக்கம் பிடித்தது. உம்மாவின் கை திறப்புக்குப் போய், திரும்பி வந்து என் காலைப் பிடித்தது.

"இது சவுக்காரத் தண்ணி மகள். நான் ஊத்தினனான்."

விழவில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

விழுந்தேன். சீ! ஆனால் முடி நனையவில்லை. சீக்கிரம் எழும்பிவிட்டேனாம்.

பெப்ரவரி 27, வியாழன்

மூன்று வியாழன் விழாமல் போயிற்று. இன்று வீடு கழுவி முடிந்ததும் உம்மா ஆதிலா குளிக்கும் பேசினை என் முன்னால் வைத்தா. அடியில் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீர். துவாயை என் தோளில் போட்டுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டா.

தரையில் உட்கார்ந்து குளிப்பாட்டினேன். குசினியில் தேங்காய் துருவும் சத்தம். ஆதிலா தண்ணீரில் கையை அடித்தால் துருவுவது நிற்கும். அவள் சிரித்தால் திரும்பத் தொடங்கும். எட்டிப் பார்க்க மட்டும் உம்மா வரவில்லை.